சொன்னவரே பொறுப்பு

அலுவலகத்தில் எனக்குக் கருநாக்கு என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள்; நானும் திரும்பிப் பார்ப்பேன். எது எது கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் வேலை, அதற்குத்தான் சம்பளம். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் எதிர் மேஜைக் கொட்டாவி, "என்ன மேடம், இன்னிக்கு யாருக்கு நாள் குறிச்சிருக்கீங்க?" என்பான். கொட்டாவி எங்கள் குழுவிலேயே கெட்டிக்காரப் புரோகிராமர். வாயைத் திறந்தால் பாதி நேரம் கொட்டாவிதான் வரும் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். பெயர் வைத்தது நான்தான்.

நாங்கள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். முழுத் திட்டத்தையும் முதல் நாளே போட்டு, இரண்டு வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதி, கடைசியில் திறந்து காட்டுகிற பழக்கம் எங்களிடம் கிடையாது. ஆறு வாரம் ஒரு சுற்று. சுற்றின் முதல் நாள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: இந்த வேலையை எது நாசமாக்கும்? வருகிற பதிலையெல்லாம் பட்டியலில் எழுதுவோம். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம் என்று இரண்டுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று எண் போட்டுப் பெருக்குவோம். எதற்குப் பெரிய எண் வருகிறதோ அதைத்தான் முதலில் தொடுவோம். அதற்காக மட்டும் சின்னதாக ஒரு மாதிரி செய்து, அதை வைத்து வேலை பார்க்கப் போகிறவர்கள் கையில் கொடுத்துப் பார்ப்போம். பயம் தெளிந்தால் அடுத்த சுற்று, தெளியாவிட்டால் அங்கேயே நிற்போம். பதினைந்தோ அதற்கு மேலோ எண் உள்ள அபாயம் ஒன்றே ஒன்று பட்டியலில் இருந்தாலும் சுற்றை மூடக் கூடாது.

அந்தப் பட்டியல் என் கையில் இருந்தது. எனக்கு இந்த வேலைமுறையின் மேல் உண்மையாகவே பிரியம் உண்டு. வீட்டில் பாத்திரம் கழுவும்போது டம்ளர், கரண்டியெல்லாம் முடித்துவிட்டு அடிப்பிடித்த சட்டியைக் கடைசிக்குத் தள்ளுகிறவள் நான். இந்த வேலைமுறையோ, அடிப்பிடித்த சட்டியை முதலில் எடு என்கிறது. என்னைப் போன்ற சோம்பேறிக்கும் பயந்தாங்கொள்ளிக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

கெடுத்தது ஒரே ஒரு விதி.

இரண்டாம் சுற்றில் பட்டியல் அறுபத்தொரு வரிக்கு நீண்டுவிட்டது. ஆளுக்கு ஆள் பயத்தைக் கொட்டினார்கள். மின்சாரம் போனால், மேஜையில் தண்ணீர் கொட்டினால், நர்ஸுக்குக் கண்ணாடி மறந்துபோனால் என்று ஒன்றையும் விடவில்லை. மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் எதையும் வரைபடமாகக் கோடு போட்டு, கோடு மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அன்றைக்கு எழுந்து நின்று, "இனிமே சொன்னவரே பொறுப்பு. யார் ஒரு ரிஸ்க்கைச் சொல்றாங்களோ, அதை விசாரிக்கிறது, சோதிக்கிறது, மூடுறது எல்லாம் அவங்க தலையில. சும்மா வாயை மெல்றதுக்கு இது டீக்கடை இல்ல" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானே தலையாட்டினேன். மூன்றாம் சுற்றில் பட்டியல் இருபத்துமூன்று வரி. நான்காம் சுற்றில் பதினொன்று. மேனேஜரின் கோடு மலையிலிருந்து இறங்குவது போல அழகாக இறங்கியது. மேலிடத்தில் அவரைத் தட்டிக்கொடுத்தார்கள். அபாயம் குறையவில்லை, வாய்தான் மூடிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். அந்தப் பதினொன்றில் ஏழு என் பேரில் இருந்தன. ஏழையும் சுமந்துகொண்டு, மற்றவர்களின் வாயைத் திறக்க வைக்க எனக்குத் தெம்பில்லை.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். என்னைவிட ஆறு வயது சின்னவள். நர்ஸ். நான் எதைப் பார்த்தாலும் என்ன ஆகுமோ என்பேன். அவள் எது ஆனாலும் பார்த்துக்கலாம் என்பாள். எங்கள் மென்பொருளை நிஜமான வார்டில் சோதிக்க இடம் தேடியபோது, அவள்தான் தன் தலைமை நர்ஸிடம் போய் நின்று, "எங்க அக்கா செய்யுறது. கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்" என்று சொல்லி அனுமதி வாங்கித் தந்தாள். அந்த வார்த்தையை அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

மென்பொருள் எளியதுதான். வார்டில் ஒவ்வொரு நர்ஸ் கையிலும் தொடுதிரை உள்ள ஒரு டேப். நோயாளியின் பேருக்கு எதிரே இப்போது தர வேண்டிய மருந்து சிவப்பில் இருக்கும். கொடுத்துவிட்டு அழுத்தினால் பச்சையாகும், நேரம் பதிவாகும். மற்ற நர்ஸ்களின் டேப்பிலும் அது பச்சையாகிவிடும். அதுவரை கட்டில் கால்மாட்டில் தொங்கும் காகித அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சோதனையின்போது இரண்டும் நடந்தது, டேப்பும் காகிதமும். ஆறாம் சுற்று முடிந்த பிறகுதான் காகிதத்தை நிறுத்துவது என்று பேச்சு.

நான்காம் சுற்றுச் சோதனைக்கு நானே வார்டுக்குப் போனேன். தங்கை ஒரு டேப்பை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். நான் இன்னொரு டேப்பைப் பிடித்தபடி அவள் பின்னாலேயே நடந்தேன். பதினாலாம் கட்டில் வார்டின் கடைசியில், எக்ஸ்ரே அறைச் சுவரை ஒட்டி இருந்தது. கனமான சுவர். அங்கே அவள் ஒரு மாத்திரை கொடுத்து அழுத்தினாள். அவள் டேப்பில் பச்சை வந்தது. என் டேப்பில் சிவப்பாகவே இருந்தது.

நர்ஸ்கள் உட்காரும் மேஜைக்குத் திரும்பி வந்தோம். அப்போதும் சிவப்பு. என் டேப்பில் கோளாறோ என்று ஒருமுறை அணைத்து எழுப்பினேன். சிவப்பு. சரியாக நாற்பது நிமிடம் கழித்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பச்சையாயிற்று. பக்கத்தில் நேரம் போட்டிருந்தது: 10.20. அதாவது அவள் அழுத்திய நேரம். இப்போது பார்க்கிறவர்கள் யாரும், இது பத்து இருபதிலிருந்தே பச்சையாக இருந்தது என்றுதான் சத்தியம் செய்வார்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிவதுதானே என் பிழைப்பு. அந்த மூலையில் வைஃபை அறுந்துபோகிறது. அழுத்தியதை டேப் தன்னிடமே வைத்துக்கொண்டு, சாவகாசமாகப் பிறகு அனுப்புகிறது. அதற்குள் வேறொரு நர்ஸ் வேறொரு டேப்பைப் பார்த்தால், மருந்து இன்னும் கொடுக்கவில்லை என்று காட்டும். அவள் இரண்டாம் முறை கொடுப்பாள். மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். வாய்ப்பு மூன்று, சேதம் ஐந்து. பதினைந்து.

தங்கை அடுத்த நோயாளிக்குப் போர்வையைச் சரிசெய்துகொண்டே, "என்னக்கா, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி. தலைவலி."

அந்தப் பதிலை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். நான் கணக்குப் போட்டது இப்படி: எழுதினால் சுற்று மூடாது. எட்டாவது என் தலையில். கட்டடம் முழுக்க டேப்பும் கையுமாக அலைந்து எங்கெங்கே அறுகிறது என்று வரைய வேண்டும், மூன்று வாரம் போகும். மேனேஜர், முதலில் உங்கள் ஏழையும் மூடுங்கள் என்பார். நான் சோர்ந்துபோயிருந்தேன். காகிதம் இருக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஐந்தாம் சுற்றின் முதல் நாள் முதல் ஆளாகச் சொல்லிவிடலாம். சுற்றுச் சுற்றாக வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் வரும் வியாதி இது. எப்போதும் இன்னொரு சுற்று இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

நான்காம் சுற்று குறித்த நாளில் மூடியது. மருத்துவமனையிலிருந்து பெரிய டாக்டரும் தலைமை நர்ஸும் வந்து பார்த்தார்கள். மேனேஜர் இறங்கும் கோட்டைக் காட்டினார். பதினைந்தோ அதற்கு மேலோ ஒன்றுகூட இல்லை என்றதும் பெரிய டாக்டர் சந்தோஷப்பட்டு, "அப்புறம் எதுக்கு ரெண்டு வேலை? நர்ஸுங்க கை வலிக்க எழுதுறாங்க. வர்ற திங்கக்கிழமையோட பேப்பரை நிறுத்திடலாமே" என்றார்.

அறையில் ஒன்பது பேர் இருந்தோம். நான் வாயைத் திறந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் எல்லாம் இல்லை. கல்யாண வீட்டில் யாராவது தும்மிவிடப் போகிறார்களே என்கிற கெஞ்சல்தான். நான் தண்ணீர் குடித்தேன். இரண்டு நாளில் தனியாக அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இரண்டு நாள் நான்காயிற்று. திங்கட்கிழமை வந்தது, அட்டைகளைக் கழற்றினார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் நடந்தது.

பதினாலாம் கட்டிலில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. சர்க்கரையும் உண்டு. ஐந்து நாற்பதுக்குப் பகல் நர்ஸ் அவருக்கு இன்சுலின் போட்டு, அழுத்தி, தன் டேப்பில் பச்சையைப் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனாள். ஆறு மணிக்கு என் தங்கை வந்தாள். தன் டேப்பை எடுத்தாள். பதினாலு சிவப்பு. சர்க்கரை சோதித்துப் பார்த்தாள். முதல் ஊசி இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை, எண் அதிகமாகத்தான் இருந்தது. ஆறு பத்துக்கு ஊசி போட்டாள். ஆறு இருபதுக்கு, யாரும் பார்க்காத நேரத்தில், பகல் நர்ஸின் பதிவு ஐந்து நாற்பது என்ற நேரத்தோடு வந்து பட்டியலில் உட்கார்ந்துகொண்டது. எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோது, சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, அவர் வியர்வையில் ஊறிக் கிடந்தார். எழுப்பினால் எழவில்லை. என்னென்னவோ செய்தும், மூன்றாம் நாள் இறந்துபோனார்.

பதிவேடு தெளிவாகச் சொன்னது: ஐந்து நாற்பதுக்கு ஒன்று, ஆறு பத்துக்கு ஒன்று. முதல் ஊசி பதிவாகி அரை மணி கழித்தும் பார்க்காமல் இரண்டாவது போட்டிருக்கிறாள் என்று ஆயிற்று. தங்கையை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். தப்பு உறுதியானால் அவள் நர்ஸ் உரிமமே போய்விடும்; பதினோரு வருஷம் அவள் செய்த ஒரே வேலை அது.

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முதல் நாள் மட்டும் சிவப்புதான், சிவப்புதான் என்றாள். பதிவேட்டைக் காட்டியதும் அடங்கிப்போனாள். சமையலறையில் மேடைமேல் சாய்ந்து நின்றபடி, அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"கையை ஆட்டினாரு அக்கா. இடது கை. இப்படி, இப்படி. வேணாம், வேணாம்ங்கற மாதிரி. நான் ஊசிக்குப் பயப்படுறாருன்னு நினைச்சுட்டேன். ஒண்ணுமில்லப்பா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே போட்டேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். என் தோளில் அழுதாள். நானும் அழுதேன், வாயை மட்டும் திறக்கவில்லை. பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. ஒரு நாள் சொல்லாமல் விட்டதும் மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டமாகிவிட்டது. இப்படியே ஆறு நாள் ஓட்டினேன்.

ஏழாம் நாள் அவள் வெளியே போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன்" என்றாள்.

"எதுக்குடி?"

"பச்சையைச் சிவப்புன்னு பாத்திருக்கேனே. கலர் தெரியாத வியாதி ஏதாவது வந்துடுச்சோன்னு. புள்ளி புள்ளியா படம் காட்டி நம்பர் கேட்டாரு, எல்லாம் சரியாச் சொல்லிட்டேன். கண்ணு ரொம்ப நல்லா இருக்காம்." சோபாவில் உட்கார்ந்தாள். "கண்ணு கெட்டுப்போயிருந்தாக்கூடத் தேவலை அக்கா. நல்லா இருக்குன்னா, அப்ப எனக்குப் புத்திதான் பிசகிப்போச்சு. நானே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துடலாம்னு இருக்கேன். எதுக்கு எல்லாரையும் அலைய வைக்கிறது?"

அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆனால் எழுதிக் கொடுக்க வேண்டாம், விசாரணை வரைக்கும் பொறு என்று மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். மறுநாள் காலை நேரே கொட்டாவியின் மேஜைக்குப் போனேன்.

"டேப் மறுபடி அனுப்பறதுக்கு ஏன் நாற்பது நிமிஷம் எடுக்குது?"

அவன் கொட்டாவி விடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். "அடிக்கடி அனுப்பப் பார்த்தா பேட்டரி சீக்கிரம் தீருதுன்னு நான்தான் அப்படி வச்சேன் மேடம். அதுக்குள்ள வேற டேப்ல சிவப்பாத்தான் இருக்கும்னு தெரியும். சரி பண்ண அரை நாள் வேலைதான். ஆனா ரிஸ்க்குன்னு சொன்னா என் பேர்ல எழுதி, நாலு மீட்டிங் போட்டு, சுற்று லேட்டானதுக்குக் காரணம் நான்னு ஆகிடும். எப்படியும் நீங்க சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். நீங்கதானே எல்லாத்தையும் சொல்றவங்க."

அவன்மேல் பாயத்தான் கோபம் வந்தது. எந்த முகத்தோடு பாய்வது? திரும்பி மேனேஜர் அறைக்குப் போய், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பட்டியல்ல இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது நமக்குத் தெரியாத ரிஸ்க். தெரியாததுக்கு யாரும் பொறுப்பில்ல." என் எதிரே உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க தங்கச்சி விஷயம் எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்க போயித் தெரியும்னு சொன்னா, ஏன் எழுதலன்னுதான் முதல்ல கேப்பாங்க. எழுதாதது நீங்க. லிஸ்ட் உங்க கையில. ஒரே வீட்டுல இருக்கீங்க, தங்கச்சியைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்கன்னும் சொல்லலாம். யோசிச்சுக்கோங்க."

"நீங்க போட்ட ரூல்தான் சார் எல்லார் வாயையும் அடைச்சுது."

"ரூல் போட்டப்ப நீங்களும் தலையாட்டினீங்க" என்றார். அது நிஜம். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

விசாரணை மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், நீளமான மேஜை போட்ட ஓர் அறையில் நடந்தது. பெரிய டாக்டர், தலைமை நர்ஸ், வெளியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் என மூன்று பேர். தங்கை வெள்ளைச் சீருடை போடக் கூடாது என்பதால் ஒரு சாதாரணப் புடவையில் வந்திருந்தாள்; அந்தக் கட்டடத்தில் அவளை அப்படிப் பார்க்கவே எனக்கு என்னவோ போல் இருந்தது. அவளுக்குத் துணையாக வந்திருந்த நான் எழுந்து, எனக்குக் காட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது, வார்டுக்கு வாருங்கள் என்றேன். அதிகாரிக்கு எரிச்சல்தான். தலைமை நர்ஸ், பார்க்கலாமே என்று சொன்னதால் எல்லோரும் இறங்கினோம்.

பதினாலாம் கட்டில் காலியாக இருந்தது. வெறும் ஒரு சோதனைப் பேரை ஏற்றி, ஒரு டேப்பைத் தலைமை நர்ஸிடம் கொடுத்தேன். இன்னொன்றைத் தங்கை கையில் கொடுத்து, அவளை வாசல் பக்கம் நிற்கச் சொன்னேன். தலைமை நர்ஸ் அழுத்தினாள். அவள் டேப்பில் பச்சை.

"உன்னோடதுல என்ன?" என்று தங்கையைக் கேட்டேன்.

அவள் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சிவப்பு" என்றாள். பிறகு சத்தமாக, "சிவப்பு! சார், பாருங்க, சிவப்பு!" என்று டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நாற்பது நிமிடம் அங்கேயே காத்திருந்தோம். அதிகாரி நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டார். அது பச்சையாகி, பழைய நேரத்தோடு பதிவானதைப் பார்த்ததும் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தங்கை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. "எனக்குத் தெரியும் அக்கா, நீ கண்டுபிடிச்சுடுவேன்னு. எனக்குப் புத்தி பிசகல அக்கா" என்றாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

அதிகாரி நோட்டைத் திறந்தார். "இது எப்ப உங்க கவனத்துக்கு வந்தது?"

பொய் சொல்ல அந்த ஒரு நொடி போதும். முந்தாநாள் என்று சொன்னால் முடிந்தது. தங்கை கையும் என் கையிலேயே இருந்திருக்கும். ஆனால் அந்த லாரி டிரைவரின் மனைவி இன்னும் தினமும் கீழே வரவேற்பறையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், எப்படி ஆச்சு என்று யாராவது சொல்லட்டும் என்று. படியேறும்போது நானே பார்த்தேன்.

"நாலாவது சுற்றுச் சோதனையில. காகிதத்தை நிறுத்தறதுக்கு மூணு வாரம் முன்னாடி. இதே கட்டில். இதே மாதிரி ரெண்டு டேப்."

"பட்டியல்ல இது இல்லையே."

"நான் எழுதல."

"ஏன்?"

"சொன்னவங்கதான் பொறுப்பு ஏத்துக்கணும்னு விதி. எங்கிட்ட ஏற்கெனவே ஏழு இருந்தது. அடுத்த சுற்றுல சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவர் எழுதிக்கொண்டார். நான் சொன்னதை எனக்கே வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். சரி என்றேன். தங்கையின் கை எப்போது என் கையிலிருந்து போனது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் டேப்பைக் கட்டில்மேல் மெதுவாக வைத்துவிட்டு வெளியே போனாள்.

நடைவழியில் ஜன்னலோரம் நின்றிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"அன்னிக்கு நான் உன் பக்கத்துலதானே நின்னேன்" என்றாள். "தலைவலின்னு சொன்னியே, அன்னிக்குத்தானே?"

"ஆமா."

"எழுதினா உன் தலையில விழும். சரி, எழுத வேணாம். மேனேஜர்கிட்டயும் சொல்ல வேணாம். எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா. பதினாலாம் பெட்டுல மட்டும் இந்தச் சனியனை நம்பாதடீன்னு ஒரு வார்த்தை. பஸ்ல வரும்போது சொல்லியிருக்கலாம், சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம். நான் எல்லாப் பொண்ணுங்ககிட்டயும் சொல்லி வச்சிருப்பேன். அவரு இருந்திருப்பாரு."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரைக்கும் அது எனக்குத் தோன்றவே இல்லை. பட்டியலில் எழுதுவதா, எழுதாமல் விடுவதா என்று இரண்டே வழியாகத்தான் அத்தனை நாளும் யோசித்திருந்தேன். ஒரே வீட்டில் தூங்கி எழுகிறவளிடம் வாயால் சொல்வது என்று மூன்றாவதாக ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. அதை அவளிடம் சொல்லவும் கூசியது. "மன்னிச்சுடுடி" என்றேன். அவள் ஜன்னல் வழியாகக் கீழே நிற்கும் ஆம்புலன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள்மேல் தப்பில்லை என்று தீர்ப்பாகி, பத்து நாளில் வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. காகித அட்டைகளைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். என்னை அலுவலகத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் அங்கேயே இருக்கிறார். கொட்டாவி ஒரு முறை போன் செய்தான், நான் எடுக்கவில்லை.

தங்கை வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தேன். போகவில்லை. எப்போதும் போல என் துணியையும் சேர்த்துத்தான் மடித்து வைக்கிறாள், காய்ச்சல் வந்தால் மாத்திரை எடுத்துத் தருகிறாள். கோபமாக ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்க்கிறாள்.

"நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா அக்கா?"

குத்தலாகக் கேட்பதில்லை. வார்டில் ஷிப்ட் மாறும்போது முந்தைய நர்ஸிடம் கேட்பது போல, தன்மையாகத்தான் கேட்கிறாள். தினமும் கேட்கிறாள். நான், "இல்லடி, ஒண்ணுமில்ல" என்கிறேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு, சரி என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.